ஒரு டிரம் வெள்ளைப் பெயிண்ட்

நியுவே, 6 ஜூன் 2016

பெலே,

ஃபகாலோஃபா அத்து, அன்பு வணக்கம். இது உன் கைக்கு வரும்போது ஆக்லாந்தில் குளிர் ஏறியிருக்கும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காலுறை போட்டுக்கொண்டு தூங்கு. நான் சுகம். இரண்டு பல் போய்விட்டது, பசி போகவில்லை.

ஏன் போனில் கூப்பிடவில்லை என்பாய். போனில் நீ சிரித்துச் சிரித்தே நழுவிவிடுவாய். காகிதத்திலிருந்து நழுவ முடியாது. என்னுடையது நாலாம் வகுப்பு எழுத்து, பொறுத்துக்கொள்.

உன் அண்ணன் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. வாசலில் கல்லறைக்குக் கல் பதித்தாயிற்று. காலையில் காப்பிக் கோப்பையோடு அதன் ஓரத்தில் உட்கார்ந்து ஊர்ச் செய்தியெல்லாம் அவரிடம் சொல்லிவிடுவேன். உயிரோடு இருந்தபோது இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

போன வாரம் நைரி என்று ஒரு பெண் வந்தாள். நியூசிலாந்துக்காரி, உன் பெரிய மகள் வயது இருக்கும். தீவில் உள்ள பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளை எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டு போகிறாள். புயலுக்கப்புறம் அந்தக் காலத்தில் கட்டிக்கொடுத்த வீடுகள் எல்லாம் அந்த ஷீட்தானே. எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதை எப்பவாவது யாராவது தேய்ச்சாங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

நான் பெருமையாக, "எப்பவாவதா? வருஷா வருஷம்! கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கிறது. ஊர்லயே எங்க கூரைதான் வெள்ளை, மாதர் குழு ஃபிசாவைக் கேட்டுப் பாரு" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த அவள் பேனா நின்றுவிட்டது. "யாரு தேய்ச்சது?"

நான் கல்லறையைக் காட்டினேன்.

அவள் தொப்பியைக் கழற்றினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், அந்த ஷீட்டைத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத நார் தூசியாகக் கிளம்பும், மூச்சில் போனால் நுரையீரலைச் சுற்றி இருக்கும் தோலில் போய்க் குத்திக்கொண்டு இருபது முப்பது வருஷம் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் புற்றாக எழும்பும் என்று.

ஆக்லாந்து ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர், எங்கே வேலை பார்த்தார், கப்பல் பட்டறையா, தொழிற்சாலையா என்று திரும்பத் திரும்பக் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? நீதானே மொழிபெயர்த்தாய். தோட்டமும் கடலும்தான் என்று சொன்னோம். அவரும் காரணம் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டார். நைரி சொன்னதைக் கேட்டு எனக்கு அழுகை வரவில்லை பெலே. எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் வந்தது. தூசி எப்படி இருக்கும், எவ்வளவு தூரம் பறக்கும், தண்ணீரில் மிதக்குமா? மூன்று நாளாக அந்தப் பெண்ணைக் கேள்வி கேட்டே கொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கூரையைக் கழற்றித் தகரம் போடப் போகிறார்கள். செலவு நம்முடையது இல்லை. பூட்டிக் கிடக்கும் உன் வீட்டுக் கூரையையும் கழற்றுவார்கள், ஆனால் வீட்டுக்காரி கையெழுத்து வேண்டும். காகிதம் உள்ளே வைத்திருக்கிறேன். அக்டோபர் கடைசியில் அந்த ஷீட்டை ஏற்றிக்கொண்டு போகக் கப்பல் வரும். அதோடு சரி.

என் மகள் ஹினா அங்கிருந்து பிள்ளைகளோடு கிறிஸ்துமஸுக்கு வந்து என்னோடேயே தங்கிவிடுகிறேன் என்கிறாள். ஒரே ஒரு கட்டளை: "ரெண்டு கூரையும் இறங்கணும்மா. பக்கத்து வீட்டுல அது இருந்தாலும் நான் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரமாட்டேன்." அவள் பிடிவாதம் யாருடையது என்று உனக்குத் தெரியும்.

கையெழுத்துப் போட்டு அடுத்த விமானத்தில் அனுப்பு. கடவுள் உன் தலைக்குமேல் கை வைத்திருக்கட்டும்.

உன் அண்ணி மோகா


ஆக்லாந்து, 4 ஜூலை 2016

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களுக்கும் ஊரில் எல்லோருக்கும் என் வணக்கம். பல் போனதற்கு வருத்தம், பசி இருப்பதற்குச் சந்தோஷம். என் முழங்கால் மழைக்கு முந்தியே மழையைச் சொல்கிறது. சர்ச் பாடகர் குழுவில் என்னை முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். நாற்காலி அங்கேதான் இருக்கிறதாம். கடையில் வாங்கும் சேப்பங்கிழங்கு சோப்பு மாதிரி இருக்கிறது. யாராவது வந்தால் நம் தோட்டத்துக் கிழங்கு கொடுத்து அனுப்புங்கள்.

அண்ணன் கல்லறைக்கு என் பேரால் ஒரு பூ வையுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பெண் ஷீட்டைக் கழற்றினால் கீழே இறக்கி வைத்துப் பார்ப்பாளா, இல்லை பார்க்காமலே சுற்றிக் கட்டிவிடுவாளா? கழற்றும்போது நீங்கள் பக்கத்தில் நிற்பீர்களா? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிவா என்கிற உங்கள் பெலே


நியுவே, 12 ஜூலை 2016

பெலே,

நலமா? நான் நலம். பூ வைத்தேன். கோழி தின்றுவிட்டது, இன்னொன்று வைத்தேன்.

சும்மா கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். சும்மா கேட்கும் கேள்விக்குப் பதில் எழுதுவது எனக்குப் பிடிக்கும், ஆனால் காகிதம் எங்கே? உறையைத் தலைகீழாக உதறிப் பார்த்தேன்.

பதில் இதுதான். ஷீட்டைத் தண்ணீர் தெளித்து நனைப்பார்களாம், திருகாணியைக் கழற்றி முழுசாக இறக்குவார்களாம், பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று சுற்றி டேப் ஒட்டுவார்களாம். உடைக்கக் கூடாது, எறியக் கூடாது. நான் தூரத்தில்தான் நிற்கலாம்.

நைரி சொல்கிறாள், சும்மா இருக்கும் ஷீட் ஒன்றும் செய்யாதாம். நம் பவளப்பாறையில் கிடக்குமே கல் மீன், அந்த மாதிரி. பார்த்து விலகிப் போனால் ஒன்றுமில்லை, மிதித்தால்தான் கொட்டும். நாம் முப்பத்தைந்து வருஷம் கம்பி பிரஷால் மிதித்திருக்கிறோம். கூரை மழை வந்து விழும் தொட்டித் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். "குடிக்கிறதைவிட மூச்சுல போறதுதான் கெடுதல் ஆன்ட்டி" என்றாள். ஆனாலும் தொட்டியைக் கழுவித் தரப் போகிறார்கள்.

சோதனைக்கு ஓரத்தில் நகத்தளவு துண்டு எடுத்தாள். எடுத்த இடத்தை நனைத்து, அதன்மேல் பெயிண்ட் தடவினாள். ஏன் என்றேன். "தூசி கிளம்பாம இருக்க. முழுக் கூரையும் நல்லா பெயிண்ட் அடிச்சிட்டாக்கூட ரொம்ப வருஷம் அடங்கிக் கிடக்கும்" என்றாள். பார், இவ்வளவுதான் வேலை! ஒரு டப்பா பெயிண்ட். இதை ஒருத்தராவது முன்னாலேயே நம்மிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

காகிதத்தை அனுப்பு. கர்த்தர் காப்பார்.

மோகா


நியுவே, 9 ஆகஸ்ட் 2016

பெலே,

உடம்பு சரியில்லையா? மூன்று விமானம் வந்து போய்விட்டது. தபால் ஆபீஸ் பெண் என்னைத் தூரத்தில் பார்த்தாலே தலையை ஆட்டுகிறாள். ஹினாவிடம் கேட்டேன், அத்தை நன்றாகத்தான் இருக்கிறாள், சர்ச்சில் பார்த்தேன் என்றாள். அப்போது கோபம் வந்தது. கோபத்தோடு எழுதக் கூடாது என்று இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

எங்கள் கூரை இறங்கிவிட்டது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். ஆறு பேர் தலையிலிருந்து கால்வரை வெள்ளைக் காகித உடுப்பு, முகத்தில் மூடி. பம்ப் வைத்துத் தண்ணீர் தெளிக்கிறார்கள். நம் மாதர் குழுத் தலைவி ஃபிசா சாலையில் நின்று கத்துகிறாள், "என்ன மோகா, உன் கூரைக்கு ஞானஸ்நானமா? எல்லாரும் வெள்ளை உடுத்திக்கிட்டு தண்ணி தெளிக்கிறாங்க! பேரு என்ன வைக்கப் போறே?"

"உன் பேருதான். ரெண்டும் பழசு, தொட்டா ஆபத்து" என்றேன். முகமூடிக்குள் ஒருத்தன் சிரித்தது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

ஒரு ஷீட்டைச் சுற்றுவதற்கு முன்னால் நைரி என்னைக் கயிற்றுக்கு அந்தப்பக்கம் நிறுத்தி, ஈரத்தோடு திருப்பிக் காட்டினாள். அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. மேல்பக்கம் தேய்ந்து, ஈரத் துணியில் பூனை மயிர் ஒட்டினால் எப்படி இருக்கும், அப்படி. அதைத்தான் நாம் வெள்ளை என்று கொண்டாடினோம்.

சாயங்காலம் நைரி, "அந்த பிரஷ் இருக்கா ஆன்ட்டி?" என்றாள். இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். கட்டிலுக்கடியில் இருந்தது. பிடியில் அவர் கட்டைவிரல் பதிந்து பள்ளமாக இருக்கும், ராத்திரி கை போட்டுத் தொட்டுக்கொள்வேன். எடுத்துக் கொடுத்தேன். அவள் நனைத்துப் பைக்குள் போட்டு, இன்னொரு பைக்குள் போட்டு, டேப் ஒட்டினாள். என் கையைக் கழுவச் சொல்லித் தண்ணீரும் அவளே ஊற்றினாள்.

இனி உன் வீடுதான். கையெழுத்துப் போட என்ன தடை?

மோகா


ஆக்லாந்து, 22 ஆகஸ்ட் 2016

அன்புள்ள அண்ணி,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலம்.

அந்தக் காகிதம் எங்கேயோ போய்விட்டது. போனதும் நல்லதுதான். அது எங்கள் அப்பா வீடு. நான் செத்தால் அங்கே கொண்டுவந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். என் கூரை நன்றாகத்தான் இருக்கிறது. அதைத் தொட வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

டிவா


நியுவே, 30 ஆகஸ்ட் 2016

டிவா,

பெலே என்று உன்னைக் கூப்பிட்டது உன் அண்ணன். இந்தக் கடிதத்தில் அந்தப் பேரை எழுதக் கை வரவில்லை.

உன் கூரை நன்றாக இல்லை. மே மாதக் காற்றில் ஈரப்பலா மரத்துக் கிளை முறிந்து பின்பக்கம் விழுந்தது. இரண்டு ஷீட் நொறுங்கிக் கீழே கிடக்கிறது. என் கோழி அங்கேதான் கிளறுகிறது. ஹினாவின் சின்னவன் வந்தால் அவனும் அங்கேதான் கிளறுவான். நைரி தார்ப்பாய் போட்டு மூடி, யாரும் போகாதபடி கயிறு கட்டியிருக்கிறாள். வீட்டுக்காரி சொல்லாமல் அதற்குமேல் அவள் கை வைக்க முடியாது. குடும்ப நிலம், குடும்ப வீடு. நம் ஊர்ச் சட்டம் உனக்குத் தெரியாததா?

அப்பா வீடு என்கிறாய். அந்த அப்பா வீட்டை இந்த இருபத்தெட்டு வருஷம் யார் பார்த்துக்கொண்டது? உன் அண்ணன் தன் கூரையைத் தேய்த்துவிட்டு உன் கூரையையும் தேய்த்தார். என் தங்கச்சி வந்து இறங்கினா அவ வீடு அழுக்கா இருக்கக் கூடாது என்பார்.

ஒன்று சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஹினாவுக்கு மூத்தவன் பிறந்தபோது, 2006இல், நான் ஆக்லாந்து வந்து ஆறு வாரம் இருந்தேன் இல்லையா? திரும்பி வந்து பார்த்தால் உன் கூரை பளீரென்று இருந்தது. எங்களுடையது பக்கத்தில் மங்கல். மாதர் குழு வீடு வீடாகப் பார்த்துச் சுத்தத்துக்குப் பரிசு கொடுக்க வரும் வாரம் அது. நான் பெட்டியை இறக்கி வைப்பதற்குள், "ஓஹோ, தங்கச்சி வீட்டுக்கு மட்டும் இவ்வளவு வெள்ளையா? பொண்டாட்டி வீட்டுக்குக் கை வலிக்குதோ?" என்றேன்.

அவர் சிரித்தார். பிரஷை எடுத்தார். வழக்கம்போல ஏணியைப் பிடிக்கப் போனேன். "நீ பிடிக்க வேணாம், உள்ள போ. ஜன்னலைச் சாத்திக்கோ" என்றார். அவர் குரலே வேறாக இருந்தது. நான் பேசினதுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம், 2013இல் அவர் ஏறுவதை நிறுத்தும்வரை, எந்த வருஷமும் என்னை ஏணிகிட்ட விட்டதில்லை. அந்த வருஷம் பரிசு எங்களுக்குத்தான், ஒரு தகர வாளி. ஒரு வாய்ச்சொல்லுக்காக ஏழு வருஷம் ஏணிக்குக் கோபமா என்று எனக்கும் உள்ளுக்குள் கோபம்.

அவரை மேலே ஏற்றிவிட்டது நான். இதைத்தான் தினமும் காப்பியோடு விழுங்குகிறேன். ஹினாவையும் பிள்ளைகளையுமாவது நல்ல கூரைக்குக் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். வேறு காகிதம் வைத்திருக்கிறேன். கப்பல் அக்டோபர் 24இல் வருகிறது.

உன் காலைப் பார்த்துக்கொள்.

மோகா


ஆக்லாந்து, 27 செப்டம்பர் 2016

அண்ணி,

காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முதலில் அதை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். அப்புறம் இதைப் படியுங்கள். படித்துவிட்டு என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

ஏணிக்குக் கோபம் இல்லை அண்ணி.

நான் பெருக்கித் துடைத்த பள்ளிக்கூடத்தில் பழைய கட்டடம் ஒன்று இருந்தது. 2006இல் அதற்குக் கயிறு கட்டி மஞ்சள் பலகை வைத்தார்கள். எங்களை எல்லாம் உட்கார வைத்து, இந்த ஷீட்டைத் துளைக்காதே, தேய்க்காதே என்று பாடம் நடத்தினார்கள். மேசைமேல் ஒரு துண்டு வைத்திருந்தார்கள். அது நம் கூரை. அன்றே அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். நீங்கள் அப்போது இங்கே ஹினா வீட்டில் இருந்தீர்கள். உங்களிடம் சொன்னால் பேரன் பிறந்த நேரத்தில் பயப்படுவீர்கள் என்று சொல்லவில்லை. கப்பலில் ஒரு டிரம் வெள்ளைப் பெயிண்ட் அனுப்பினேன். ரெண்டு கூரைக்கும் அடிச்சிருங்கண்ணா, இனி தேய்க்காதீங்க என்று எழுதினேன்.

அவர் பதில் இரண்டே வரி. "ரெண்டுக்கும் அடிச்சாச்சு. நல்லா வந்திருக்கு."

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்தவள். ஒரு டிரம் இரண்டு கூரைக்குப் போதாது. எனக்கு அது தெரியும் அண்ணி. படித்தவுடனே தெரிந்தது. இன்னொன்று அனுப்பட்டுமா என்று கேட்க நினைத்தேன். அந்த மாதம் இல்லை, அடுத்த மாதம் என்று தள்ளினேன். அப்புறம் அவர்தான் அடிச்சாச்சு என்கிறாரே என்று என்னையே நம்பவைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது நான் அண்ணனிடம் மொழிபெயர்த்தேன், நீங்கள் கட்டிலுக்கு அந்தப்பக்கம் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தீர்கள். அவர் என்னைப் பார்த்தார். கேள்வி அவருக்கு நன்றாகப் புரிந்தது. "தோட்டமும் கடலும்னு சொல்லு பெலே" என்றார். சொன்னேன்.

என் கூரையைக் கழற்றினால் மேல்பக்கம் பெயிண்ட் தெரியும், நீங்கள் அந்தப் பெண்ணைக் கேள்வி கேட்பீர்கள், கேள்வி என்னிடம் வந்து நிற்கும். அதனால்தான் தொட வேண்டாம் என்றேன். கோழி கிளறுகிறது என்று நீங்கள் எழுதியதற்கப்புறம் மூன்று வாரமாகத் தூங்கவில்லை.

டிவா


நியுவே, 18 அக்டோபர் 2016

பெலே,

முதலில் உன் உடம்பு. நைரியிடம் சொன்னேன், சின்ன வயதில் நீயும் அப்பாவோடு கூரையில் ஏறினவள்தான் என்று. டாக்டரிடம் போய் இதையெல்லாம் சொல்லட்டும், மறைக்காமல் சொல்லட்டும் என்றாள். போ. இந்த முறை தோட்டமும் கடலும் என்று சொல்லாதே.

உன் கடிதத்தை மூன்று நாள் மடித்து வைத்திருந்தேன். அப்புறம் காகிதத்தை மட்டும் நைரியிடம் கொடுத்தேன். நேற்று உன் கூரை இறங்கியது.

நீ சொன்னது போலத்தான். அவள் ஒரு ஷீட்டைத் திருப்பியதும், "ஆன்ட்டி, இதுக்குப் பெயிண்ட் அடிச்சிருக்கு. ரெண்டு கை, ஒண்ணு மேல ஒண்ணு. ஓரமெல்லாம் எவ்வளவு பார்த்துப் பார்த்து அடிச்சிருக்காங்க! யாரு வேலை?" என்றாள். திருகாணித் தலை ஒவ்வொன்றின் மேலும் வட்டமாகத் தடவியிருந்தது. கிளை விழுந்த இடம் தவிர வேறெங்கும் பெயிண்ட் தேயவில்லை. உன் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து அந்தக் கூரைக்குக் கீழே தூங்கினார்களே, நல்ல காற்றைத்தான் மூச்சு விட்டிருக்கிறார்கள்.

ஒரு கை அடித்திருந்தால் எங்கள் கூரையிலும் பாதிக்கு வந்திருக்கும். அவருக்கு அரைகுறை வேலை பிடிக்காது.

நான் நைரியிடம் கேட்டேன், "2006இலேயே நிறுத்தியிருந்தா அவர் பிழைச்சிருப்பாரா?" அவள் கையுறையைக் கழற்றினாள். "அவரு எழுபத்தெட்டுலேருந்து தேய்ச்சிருக்காரு. எந்த வருஷத்துத் தூசின்னு யாராலயும் சொல்ல முடியாது ஆன்ட்டி. பொய் சொல்லி உங்களைத் தேத்தவும் மாட்டேன், பயமுறுத்தவும் மாட்டேன்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப் போனது அந்த இடத்தில்தான்.

ஆகவே நீ உன் டிரம்மைச் சுமக்காதே. சுமப்பதானால் நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்வோம். அன்று நான் நாக்கை அடக்கியிருந்தால் அவர் அந்த வாரம் ஏறியிருக்க மாட்டார். நீ எழுதாமல் விட்டாய், நான் கத்தினேன், அவர் சிரித்துக்கொண்டே மறைத்தார். மூன்று பேரில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

ஷீட்டெல்லாம் பிளாஸ்டிக்கில் சுற்றி படகுத்துறைப் பக்கம் அடுக்கியிருக்கிறது. அடுத்த வாரம் கப்பலுக்குப் படகில் போகும். ஃபிசா வந்து, "இனிமே எல்லார் வீட்டுக்கும் ஒரே தகரம். யாருக்குப் பரிசு குடுக்கிறது?" என்று அங்கலாய்க்கிறாள். என் தகர வாளியை எடுத்து நீட்டினேன், "இந்தா, திருப்பி எடுத்துக்கோ." வாங்கிக்கொண்டே போய்விட்டாள்!

ஹினா டிசம்பர் இரண்டாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். நீயும் வா. உன் வீட்டுக்குப் புதுக் கூரை, அதில் மழை எப்படிச் சத்தம் போடும் என்று கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது. சேப்பங்கிழங்கு பிடுங்காமல் வைத்திருக்கிறேன்.

இன்று காலை கல்லறை ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவரிடம் படித்துக் காட்டினேன், உன் கடிதத்தையும். அவர் வழக்கம்போலப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. அது தூசி என்று தெரிந்துதானே என்னை உள்ளே போகச் சொன்னார்? நானும் போனேன், கோபத்தில் ஜன்னலைப் படாரென்று சாத்தினேன். போகமாட்டேன் என்று ஏணியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தால், பெலே, அவர் ஏறியிருப்பாரா?

உன் அண்ணி மோகா